வாசல் சுத்தமாக இருக்கிறபடியால்

— அந்த வாரியலக் கொஞ்சம் கீழ வையுங்க, செங்கம்மா. நான் பேசிக்கிட்டு நிக்கேன், நீங்க எனக்க காலச் சுத்திச் சுத்தித் தூத்துக்கிட்டு வாறிய.

— காதுலதான சார் கேக்கறன், கையிலயா கேக்கறன்? நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க தாஸ் சார். வேப்பமரம் எப்பிடிக் கொட்டி வெச்சிருக்குது பாருங்க. பங்குனி முடியற வரைக்கும் இதே கதைதான். நம்ம பக்கம் இப்பிடியா கொட்டுது? காலையில கூட்டி அள்ளிட்டு நிமிந்தா, ஒரு காத்து. மறுபடி மொதல்லேருந்து.

— இன்னைக்கு ஒரு நாள் கெடந்தா கெடக்கட்டும்.

— நல்லாச் சொன்னீங்க போங்க. ரெண்டு வருசமா ஒரு நாளு கெடக்க வுட்டிருக்கறனா? போன வருசம் டில்லியில ஏசியாட் வெளையாட்டு நடந்தப்ப பஸ்ஸயெல்லாம் வேற பக்கம் திருப்பி வுட்டான். ஜங்புராவுலேருந்து சாணக்யபுரிக்கு, இந்த கெஸ்ட் ஹவுஸ் வாசலுக்கு, நடந்தே வந்தன்.

— தெரியும், செங்கம்மா.

— எங்க வூட்டுக்காரரு சாரத்துலேருந்து வுழுந்து, இடுப்பு ஒடஞ்சி ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அன்னிக்குக்கூட மொதல்ல இங்க வந்து வாசலப் பெருக்கிட்டுத்தான் கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனன்.

— எல்லாம் தெரியும். தெரிஞ்சதையெல்லாம் ஒண்ணு விடாம பம்பாய்க்கு எழுதினேன், பாத்துக்கிடுங்க. பதில் வந்திருக்கு. நேத்து சாயங்காலத் தபால்ல. அதச் சொல்லத்தான் இன்னைக்கு விடியக்காலமே கிட்வாய் நகர்ல இருந்து பஸ் ஏறினேன்.

— வந்துடுச்சா! அடி ஆத்தா... இந்தாங்க, தொடப்பத்தக் கீழ வெச்சிட்டன். கையத் தொடச்சிக்கறன் இருங்க. பம்பாய்லேருந்தா? கம்பெனியோட பெரிய ஆபீஸா?

— பெரிய ஆபீஸ்தான்.

— ராம்சரண் ஜமாதாரு பாத்த பெருக்கற வேலைக்கா?

— அந்த வேலையப் பத்திதான்.

— பக்கா வேலை! பின்னால ரூமோட. சிமெண்டுத் தரை, பத்தடியில கொழா. போன ஆவணி மழையில சாக்கடை நாலாத் தண்ணி எங்க மதராசி கேம்பு குடிசைக்குள்ள ஏறிச்சே, அவரக் கட்டுலோட தூக்கியாந்து ரோட்டோரம் வெச்சி மேல தார்ப்பாய் போட்டோம். தானா நவுர முடியாத மனுசன். லாரி போவும்போதெல்லாம் தண்ணி மூஞ்சியில அடிக்குது, அவரு சிரிக்கறாரு. நான் அழுதுடக் கூடாதுன்னு சிரிக்கறாரு. அந்தச் சிரிப்ப இன்னொரு மழைக்கு என்னால பாக்க முடியாது சார். அந்த ரூமுக்காகத்தான் இத்தினியும்.

— கொஞ்சம் இருங்க. நான் சொல்லி முடிக்கட்டும்.

— நீங்க என்னா சொல்றது, நான் சொல்றன் கேளுங்க. ராஜகோபாலன் சார் வூட்டுல பாத்திரம் தேய்க்கறப்ப மாமிதான் சொன்னாங்க. 'எங்காத்துப் பின்னாடி ரூம்ல குடியிருக்காரே தாஸ், அவரோட கெஸ்ட் ஹவுஸ்ல ஜமாதார் ரிட்டயர் ஆயிட்டானாம், போய்க் கேளு'ன்னு. அன்னிக்கே வந்தன். நீங்க என்னா சொன்னீங்க?

— பாக்கலாம்னு சொன்னேன்.

— பாக்கலாம்னீங்க. மறுநாளு தொடப்பத்தோட வந்து நின்னன். சும்மா கேட்டுக்கிட்டே நின்னா பிச்சக்காரி. வேலையக் காட்டிக்கிட்டே கேட்டா? அடிமேல அடி அடிச்சா அம்மியும் நவுரும் சார். மொத மாசம் நீங்க மூஞ்சி குடுத்துப் பேசல. மூணாம் மாசம் பேரு கேட்டீங்க. அப்பறம் டீ. தீவாளிக்கு ஒரு டப்பா லட்டு. இந்தப் பொங்கலுக்கு, 'செங்கம்மா, உக்காருங்க'ன்னீங்க. நவுந்துச்சா இல்லியா?

— நான்தான் அம்மியா?

— கோச்சிக்காதீங்க சார். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். எங்க வூட்டுக்காரருக்கும் தெனம் இதத்தான் சொல்றன். கால அசைய்யா, அசைய்யா, அடிமேல அடி அடிச்சா அம்மியும் நவுரும்னு. அவரு சொல்றாரு, அம்மிக்கு வலிக்காதுடி, எனக்கு வலிக்குதுன்னு.

— எங்க ஊர்ல 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்'னு சொல்லுவாங்க. எனக்க அப்பா பள்ளிக்கூட வாத்தியாரு. கணக்கு வரல்லன்னா இதச் சொல்லித்தான் என்னய முட்டியில நிக்க வைப்பாரு. நான் ஒண்ணு கேக்கட்டா? நீங்க எப்பமாவது அம்மிய அடிச்சு நகத்தியிருக்கியளா?

— அம்மியப் போயி யாராவது அடிப்பாங்களா? சங்கராபுரத்துலேருந்து டில்லிக்கு ரயில்ல அம்மி கொண்டாந்தவ நானு. டிக்கெட்டுப் பாக்கறவன் 'யே க்யா ஹை?' இது என்னாங்கறான். கல்லு சார்னா நம்பமாட்டங்கறான். டேசன்லேருந்து நானும் அவரும் மாத்தி மாத்தித் தலையிலதான் தூக்கியாந்தோம்.

— அப்ப அடிச்சு நகரல்ல. தூக்கித்தான் நகந்திருக்கு.

— தெனம் அரைச்சாத் தானாவும் நவுரும் சார். மொளகா அரைக்க அரைக்கக் கொஞ்சங் கொஞ்சமா செவுத்துப் பக்கம் போயிடும்.

— போனா என்ன செய்விய?

— இழுத்துப் பழைய எடத்துல போடுவன். செவுத்துல முட்டிக்கிட்டு எப்பிடி அரைக்கறது?

— ம்.

— என்னா சார் 'ம்'? நல்ல சேதியச் சொல்ல வந்துட்டு அம்மிய ஏன் நோண்டறீங்க? லெட்டரப் படிங்க.

— இங்கிலீஷ்ல இருக்கு.

— இருக்கட்டும். தமிழ்ல சொல்லுங்க.

— பகதூர்! தோ சாய் லானா, பையா... டீ சொல்லியிருக்கேன், வாங்க, இந்தப் படியில உக்காருங்க.

— ஒக்கார வெக்கறீங்க. அப்ப நல்ல சேதி இல்ல.

— செங்கம்மா...

— நல்ல சேதின்னா நின்னுக்கிட்டே சொல்லியிருப்பீங்க. ஆஸ்பத்திரியில டாக்டரும் இப்பிடித்தான் மொதல்ல ஸ்டூல இழுத்துப் போட்டாரு. படிங்க சார். நான் அழுவமாட்டன்.

— வாசிக்கேன். 'உங்கள் கடிதம் கிடைத்தது. விருந்தினர் இல்லத்தின் வாசலும் தோட்டமும் எந்தச் செலவும் இல்லாமல் நாள்தோறும் மிகச் சுத்தமாக இருக்கிறபடியால், காலியாக உள்ள துப்புரவுப் பணியிடத்தை நிரப்ப வேண்டிய அவசியம் எழவில்லை. இதே ஏற்பாட்டைத் தொடரவும்.' அவ்வளவுதான். கீழ கையெழுத்து.

— இல்லன்னுட்டாங்க.

— ஆமா.

— ஏன்?

— வாசிச்சேனே.

— நீங்க வாசிச்சது ஆபீஸ் தமிழு. எனக்குப் புரியறாப்பல சொல்லுங்க. நான் சரியாப் பெருக்கலயாமா?

— நல்லாப் பெருக்குகியன்னுதான் சொல்லுகாங்க.

— நல்லாப் பெருக்கினா குடுக்கணுமே.

— சும்மா நடக்குக வேலைக்கு எதுக்கு ஆளுன்னு கேக்காங்க. வாசல் குப்பையாக் கெடந்தா ஆளு வேணும். இங்க ரெண்டு வருசமா ஒரு சருகு கெடக்கல்ல. அப்ப ஆளு எதுக்கு? டீ வந்துட்டு. குடியுங்க.

— இருங்க சார். நான் திருப்பிச் சொல்றன், தப்புன்னா சொல்லுங்க. நான் பெருக்கறதால வாசல் சுத்தமா இருக்குது. சுத்தமா இருக்கறதால ஆளு வேணாம். ஆளு வேணாங்கறதால எனக்கு வேலை இல்ல. எனக்கு வேலை வேணுங்கறதால நான் பெருக்கறன்.

— அதேதான்.

— இன்னும் பத்து வருசம் பெருக்கினாலும்?

— பத்து வருசமும் சுத்தமாத்தான் இருக்கும்.

— பம்பாய்ல இருக்கறவங்களுக்கு இந்த வாசல் சுத்தமா இருக்குதுன்னு யாரு சொன்னது? அவங்க யாரும் வந்து என்னப் பாக்கலயே.

— நான்தான் எழுதினேன்.

— அதையுமா எழுதினீங்க?

— உங்களுக்கு வேலை குடுக்கச் சொல்லித்தான் எழுதினேன். ரெண்டு பக்கம். நானே டைப் அடிச்சேன். எங்க ஊர்ல வேலை தேடிப் போற பயலுக்குப் பங்குச் சாமியார் நற்சான்று எழுதிக் குடுப்பாரு. 'தவறாமப் பூசைக்கு வருவான். சொல்லாமலே வேலை செய்வான். கூலி எதிர்பாக்கமாட்டான்.' அந்தக் காயிதத்தக் கொண்டு போனா வேலை கெடச்சிரும். நானும் அதே மாதிரி எழுதினேன். நடந்து வந்தத எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி இங்க வந்தத எழுதினேன். வாரியல்கூட அவளுக்க சொந்த வாரியல்னு எழுதினேன். ஒரு பைசா வாங்காம ரெண்டு வருசம்னு எழுதி, அதுக்கு அடியில கோடு போட்டேன். வாசிக்கவனுக்குக் கண்ணு கலங்கும்னு நெனச்சேன், பாத்துக்கிடுங்க. அவனுக்கு அந்தக் கோடு மட்டுந்தான் கண்ணுல பட்டிருக்கு.

— கோடு வேற போட்டீங்களா.

— செவப்பு மையில.

— எனக்கு வயிறு எரியுது சார். உங்க மேல இல்ல... இல்ல, உங்க மேலயுந்தான்.

— எரியட்டும். ஞாயந்தான்.

— மொத வாரம் நீங்களே சொன்னீங்க. 'நான் பெருக்கச் சொல்லல்ல, பொறவு கூலி கேக்கப்பிடாது'ன்னு. அப்பறம் ஏன் சொல்லாம வுட்டீங்க?

— வாசல் சுத்தமா இருந்துது. காலையில வந்து பாக்கும்போ மனசுக்கு நல்லா, கொள்ளாம்னு இருந்துது. வாய் அடைஞ்சு போச்சு. ஆண்டவருக்கு முன்னால பொய் சொல்லமாட்டேன், செங்கம்மா. அதுதான் நடந்துது.

— எங்க லைன்ல கோவிந்தம்மான்னு ஒருத்தி. மொத நாளே சொன்னா. 'அடியே, சும்மா பெருக்கறவளுக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்?'ன்னு. பொறாமையில பேசறான்னு நெனச்சன். ரெண்டு வருசமா அவளோட பேச்சு இல்ல. கொழாயில கொடத்த வெச்சாக்கூட அவ கொடத்துக்குப் பக்கத்துல வெக்கமாட்டன். இப்பப் போயி அவ மூஞ்சியில எப்பிடி முழிக்கறது?

— நல்லபடியா முழிங்க. அவ சொன்னது நடக்கணும்னா சொல்லியிருப்பா?

— ஏசியாட் ஸ்டேடியம் கட்டற வேலையில எங்க மேஸ்திரி ஒருத்தன் இருந்தான், பச்சைமுத்துன்னு. பொம்பளைங்க களைச்சுப் போயி நெழல்ல ஒக்காந்தாப் போதும், 'அடிமேல அடி அடிச்சா'ன்னு ஆரம்பிச்சிடுவான். நான் அதப் பழகினதே அவன்கிட்டதான். ஒரு நாளாவது அந்தாளு கடப்பாரையத் தொட்டு நான் பாத்ததில்ல.

— எங்க அப்பாவும் முட்டியில நின்னதில்ல. நின்னது நான்தான்.

— சிரிக்காதீங்க சார். எனக்கும் சிரிப்பு வருது. ரெண்டு வருசம்! என் வேலைக்கு நானே குழி தோண்டிட்டு, அந்த மண்ணையும் நானே பெருக்கி வுட்டிருக்கறன்.

— அதனாலதான் சொல்லுகேன். நாளைக்கு வராதீங்க.

— வராம?

— நாளைக்கும் வராதீங்க, நாளான்னைக்கும் வராதீங்க. ரெண்டு வாரம் இந்தப் பக்கமே தலகாட்டப்பிடாது. மரம் கொட்டுக கொட்டுல கேட்டுக்கு முன்னால முழங்கால் ஒசரம் சருகு கெடக்கும். மாசக் கடைசியில பம்பாய் டைரக்டர் வாறாரு. கார்ல இருந்து எறங்கி நல்லா மிதிக்கட்டும். அவரே கேப்பாரு, 'என்ன தாஸ் இது, பெருக்க ஆளே இல்லியா'ன்னு. இல்ல சார், அந்த வேலைக்கு ஆளு போடல்லன்னு சொல்லுவேன். அன்னைக்கே உத்தரவு வாங்குகேன்.

— அப்ப வேற யாரையாவது போட்டுட்டா?

— விண்ணப்பம் எனக்க மேசைக்குத்தான வரணும்? உங்க பேர விட்டு வேற பேரு போகாது.

— சத்தியமா?

— சத்தியமா.

— சும்மா இருக்கறதுன்னா என்னால ஆவுமா சார்? அஞ்சு மணியானா காலு தானா பஸ் ஸ்டாப்புக்குப் போயிடும்.

— கட்டிப் போடுங்க.

— பெருக்கின வாசல் சார். குப்பையா நெனச்சுப் பாக்கவே என்னமோ போல இருக்குது. நம்ம புள்ளைக்கு எண்ண வெக்காம, தல சீவாம வுட்டாப்பல.

— நீங்க பாக்க வேண்டாம். நான் பாத்துக்கிடுகேன்.

— உங்களால முடியாது. மேசையில ஒரு காயிதம் கோணலா இருந்தா எழுந்து வந்து நேரா வெக்கற ஆளு நீங்க. மூணாம் நாளு நீங்களே தொடப்பத்த எடுத்துடுவீங்க.

— எடுக்கமாட்டேன்.

— எதுக்கு சார் இவ்வளவு சுத்து? நீங்கதான மானேஜரு. நீங்களே ஒரு கையெழுத்தப் போட்டு, செங்கம்மாளுக்கு வேலைன்னு குடுத்துடக் கூடாதா?

— நான் மானேஜர்னு யாரு சொன்னா?

— மானேஜர் ரூம்ல இருக்கீங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் உங்களத்தான் கேக்கறாங்க. சாவிக்கொத்து உங்க இடுப்புலதான் தொங்குது.

— நான் கிளார்க்காக்கும், செங்கம்மா. மானேஜர் மல்ஹோத்ரா எழுபத்தெட்டுல பம்பாய்க்கு மாறிப் போனாரு. புது ஆளு வாற வரைக்கும் 'தோடா தேக் லேனா, தாஸ்', கொஞ்சம் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனாரு. பாத்துக்கிட்டு இருக்கேன். கையெழுத்துப் போடுக அதிகாரம் எனக்குக் கெடையாது. அந்தப் பெரிய நாற்காலியிலகூட நான் உக்காருகதில்ல. பக்கத்துல எனக்க பழைய நாற்காலியப் போட்டு வச்சிருக்கேன்.

— எழுபத்தெட்டா? இது எம்பத்தி மூணு சார்.

— அஞ்சு வருசம் ஆச்சு.

— ரெண்டு ஆளு வேலையும் நீங்களேதானா?

— காலையில கிளார்க்கு வேலை. மத்தியானத்துக்குப் பொறவு மானேஜர் வேலை. ஒரு கடிதம் தாமதமாப் போனதில்ல. ஒரு விருந்தாளி கொறை சொன்னதில்ல. நல்லபடியாச் செஞ்சு காட்டினா அந்தப் பதவிய எனக்கே தருவாங்கன்னுதான். டைரக்டர் வாற நேரமெல்லாம் தோளத் தட்டுவாரு, பாத்துக்கிடுங்க. 'தாஸ் இருக்கான், டில்லியப் பத்தி எங்களுக்குக் கவலையே இல்ல'ன்னு.

— சம்பளம் மானேஜரு சம்பளமா?

— கிளார்க்குச் சம்பளந்தான். அது கெடக்கட்டும். மாடியில மானேஜர் வீடு இருக்குல்லா, மூணு ரூமு. அது கெடச்சா எனக்க பொண்டாட்டி பிலோமியையும் பிள்ளையளையும் நாகர்கோயில்ல இருந்து கூட்டியாந்திரலாம். மாமி வீட்டுப் பின்னால ஒத்த ரூம்ல எங்க கொண்டு வைக்கியது? கிறிஸ்மஸுக்குப் பத்து நாளு போறதோட சரி. மூத்தவ எட்டாங்கிளாஸ் ஆயிட்டா. போன தடவ நான் போய் எறங்கினப்ப, 'உள்ள வாங்க, உக்காருங்க'ங்கா. விருந்தாளியச் சொல்லுகது போல.

— அந்த மாடி வூடு பூட்டியா கெடக்குது?

— பூட்டித்தான். ஆனா சுத்தமா இருக்கும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து நான்தான் தூசி தட்டுகேன். சன்னலெல்லாம் தொடச்சு வைக்கேன். திடீர்னு புது மானேஜர் வந்து எறங்கினா ஒரு கொறை சொல்லப்பிடாதுல்லா?

— அந்த வேலைய உங்களுக்குக் குடுக்கச் சொல்லி பம்பாய்க்கு எழுதினீங்களா?

— வருசா வருசம் எழுதுகேன்.

— என்னா பதிலு வந்துச்சு?

— எல்லா வேலையும் ஒழுங்கா நடக்குகதுனால, புது மானேஜர் இப்போதைக்கு...

— இப்போதைக்கு?

— டீ ஆறிட்டு, செங்கம்மா.

— உங்களுக்கு லீவு இருக்குதா?

— லீவா? அஞ்சு வருசத்து லீவும் அப்பிடியே கெடக்கு. நான் எடுத்தா இங்க யாரு பாப்பா?

— அப்ப நாளைக்கு நீங்களும் வராதீங்க, சார்.